பலகைப் பள்ளிக்கூடம்



ஒரு தோட்டத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் யாரைக் கேட்கலாம்? கோயிலின் கதையைப் பூசாரி சொல்லுவார். சம்பளத்தின் கதையைக் கிராணியாரின் கணக்குப் புத்தகம் சொல்லும். பால்மரத்தின் கதையை அதன் பட்டையில் விழுந்த வெட்டுத் தழும்பே சொல்லிவிடும். ஆனால் நம்மவர்கள் அரிச்சுவடி படித்த அந்தப் பழைய பலகைப் பள்ளிக்கூடத்தின் கதையை யார் சொல்லுவார்? படித்தவர்கள் பல ஊர்களுக்குப் போய்விட்டார்கள். கற்பித்தவர்களில் பலர் மறைந்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது கட்டடம் ஒன்றுதான். அதுவும் பல இடங்களில் இல்லை. ஆகவே, இன்றைய பேச்சில் அந்தக் கட்டடத்தையே பேச வைத்துப் பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் இடம் ஸ்கூடாய் வட்டாரம். ஜொகூர் பாருவுக்குச் சற்று வடமேற்கே இருக்கிறது. இன்று ஸ்கூடாய் என்றதும் பல்கலைக்கழகமும், நெடுஞ்சாலையும், வரிசை வரிசையான வீடுகளும் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வீடுகளின் அடியில் ஒரு காலத்தில் நிரை நிரையாக ரப்பர் மரங்கள் நின்றன. அந்த மரங்களுக்கும் முன்னால் அங்கே மிளகும் காம்பீரும் விளைந்தன.

காம்பீர் என்பது தோல் பதனிடவும் சாயம் போடவும் பயன்பட்ட ஒரு செடி. ஜொகூரின் தெமெங்கோங் இப்ராஹிம், சீனப் பயிர்க்காரர்களுக்கு ஆற்றங்கரை நிலங்களைச் சாகுபடிக்குக் கொடுத்தார். ‘ஆற்றுக் கடிதம்’ எனப்பட்ட அந்த அனுமதிப் பத்திரங்களில் மிகப் பழையனவற்றுள் ஒன்று, 1844ஆம் ஆண்டு ஸ்கூடாய் ஆற்றுக்காக எழுதப்பட்டதாகும். அந்த முறையில் ஆற்றுப்பகுதியின் தலைவர் தங்கிய இடத்துக்குக் ‘கங்கார்’ என்று பெயர். பக்கத்திலுள்ள கங்கார் பூலாய் என்னும் ஊர்ப்பெயரில் அந்தச் சொல் இன்றும் வாழ்கிறது. காம்பீர் மண்ணின் சத்தை விரைவில் உறிஞ்சிவிடும் பயிர். மண் ஓய்ந்தது, விலையும் சரிந்தது. 1917ஆம் ஆண்டில் அந்த முறையே ஒழிக்கப்பட்டது.

அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888இல் அங்குள்ள தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டறிந்தார். 1909ஆம் ஆண்டில் ஜொகூர் பாரு வரை இரயில் பாதை முடிந்தது. காடு வெட்டவும், கன்று நடவும், பால் வெட்டவும் ஆள் தேவைப்பட்டது. கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். நம்முடைய பாட்டன்மாரும் பாட்டிமாரும் கப்பல் ஏறினார்கள். அவர்களோடு பிள்ளைகளும் வந்தார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளும் பெருகினார்கள். அந்தப் பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்வியில்தான் நம்முடைய பள்ளிக்கூடம் பிறந்தது.

சட்டம் போட்ட பள்ளி

மலாயாவில் தமிழ்க் கல்விக்கு வயது இருநூறுக்கு மேல். 1816ஆம் ஆண்டில் பினாங்கு பிரீ ஸ்கூலோடு ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியதை நாம் முதல் வகுப்பாகக் கொள்கிறோம். ஆனால் அது பட்டணத்துப் பள்ளி. தோட்டத்துக்குப் பள்ளி வருவதற்கு மேலும் காலம் பிடித்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் வைத்துத் தரவேண்டும் என்று விதித்தது. இந்தச் சட்டம் முதலில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மாநிலங்களுக்கானது. ஜொகூர் அந்தக் கூட்டில் இல்லை. ஆயினும் அதே வகையான ஏற்பாடு பின்னர் இங்கும் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடம் வேண்டும் என்று சட்டம் சொன்னது. அது எப்படிப்பட்ட பள்ளிக்கூடமாக இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் மனமும் பையுமே முடிவு செய்தன. ஆகவே தொடக்கத்தில் பல தோட்டங்களில் லயத்து அறை ஒன்றே பள்ளியாயிற்று. சில இடங்களில் ஆயாக்கொட்டகையின் ஒரு மூலை பள்ளியாயிற்று. படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணியோ, மருந்துக் கொட்டகைக்காரரோ வாத்தியாரானார். பிறகு பிள்ளைகள் கூடினார்கள். அதன்பிறகே தனிக் கட்டடம் எழுந்தது. அதுதான் நம் நினைவில் நிற்கும் பலகைப் பள்ளிக்கூடம்.

கட்டடத்தைச் சுற்றி வருவோம்

ஸ்கூடாய்ப் பக்கத்துத் தோட்டங்களிலும் பிற தோட்டங்களிலும் இந்தப் பள்ளிகள் ஏறக்குறைய ஒரே சாயலில் இருந்தன. நீண்ட ஒரே கூடம். முன்னால் ஒரு தாழ்வாரம். மேலே தகரக் கூரை. இடுப்பளவு பலகைச் சுவர். அதற்கு மேலே கம்பி வலை அல்லது குறுக்குச் சட்டம். பக்கத்திலேயே வாத்தியாருக்கு ஒரு சிறு வீடு. இதைக் கட்டியவர்கள் பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர்கள் அல்லர், தோட்டத்துத் தச்சர்களும் குத்தகைக்காரர்களுமே. ஆனாலும் அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணம் இருந்தது.

முதலில் அடித்தளத்தைப் பார்ப்போம். பல பள்ளிகள் தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்தில், செங்கல் அல்லது சிமெண்டுக் குட்டைத் தூண்கள்மேல் நின்றன. ஏன்? மழைநாளில் ஓடும் வெள்ளம் அடியில் போய்விடும். காற்று தரைப் பலகைக்குக் கீழே புகுந்து ஈரத்தை உலர்த்தும். இன்னொரு காரணமும் உண்டு. தூணுக்கும் மர உத்தரத்துக்கும் நடுவே ஒரு தகரத் தொப்பி வைத்திருப்பார்கள். பலர் அதை வெறும் அலங்காரம் என்று நினைத்திருக்கலாம். அது கறையானுக்கு வைத்த காவல். கறையான் வெளிச்சத்துக்கு வர விரும்பாது. மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே ஏறும். தகரத் தொப்பி குறுக்கே நின்றால், அது விளிம்பைச் சுற்றி வெளியே வரவேண்டும். அப்போது நம் கண்ணில் பட்டுவிடும். ஒரு துடைப்பத்தால் தட்டிவிடலாம்.

அடுத்து, சுவர். சுவர்ப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறினாற்போலக் குறுக்கே அடிக்கப்பட்டிருக்கும். மேற்பலகையின் கீழ் விளிம்பு, கீழ்ப்பலகையின் மேல் விளிம்பை மூடியிருக்கும். மீனின் செதிலைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் வழிந்து இறங்குமே தவிர உள்ளே நுழையாது. சுவர் இடுப்பளவோடு நின்றதற்குக் காரணம், பலகைச் செலவு குறையும் என்பது மட்டுமன்று. மின்விசிறி இல்லாத காலத்தில், நாற்பது ஐம்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் கூடத்துக்கு அந்தத் திறப்பே விசிறி. விளக்கு இல்லாத காலத்தில் அதுவே விளக்கு.

மரத்தைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லவேண்டும். பள்ளியைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் ரப்பர் மரங்கள். ஆனால் பள்ளியில் ஒரு பலகைகூட ரப்பர் மரத்தால் ஆனதன்று! காரணம் என்ன? ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாட்களிலேயே வண்டு துளைக்கும், பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே அக்காலத்தில் அது விறகுக்கும், ரப்பர்த் தகடுகளைப் புகை போடுவதற்குமே ஆயிற்று. மருந்தூட்டிப் பதப்படுத்தி, மேசை நாற்காலி செய்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வது 1980களிலேதான் பெரிய தொழிலாக வளர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய மரம் காட்டிலிருந்து வந்தது. கறையானுக்கு எளிதில் இடங்கொடாத செங்கால் போன்ற வைர மரம் கிடைத்தால் தூணுக்கும் உத்தரத்துக்கும் வைத்தார்கள். விலை குறைந்த மெராந்திப் பலகையைச் சுவருக்கு அடித்தார்கள்.

இப்போது கூரைக்கு வருவோம். முற்காலக் கொட்டகைகளுக்கு நிப்பா ஓலையால் வேய்ந்த அத்தாப்புக் கூரை இருந்தது. அது குளிர்ச்சியானது. ஆனால் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும், தீப்பற்றினால் நிமிடத்தில் போய்விடும். நெளிதகரம் வந்தபிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. வேறு தொல்லை தொடங்கிற்று. பகல் பதினொரு மணிக்குத் தகரம் கொதிக்கும். மழை பெய்தால் வாத்தியாரின் குரல் முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. கொதிப்புக்கு ஒரு மாற்று, கூரை முகட்டை உயர்த்திச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி விட்டதாகும். சூடான காற்று மேலே எழும்பி அந்த வழியே வெளியேறும். மழை ஓசைக்கு மாற்று, வாத்தியார்மாரின் சாமர்த்தியந்தான். மழை வந்ததும் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு, ‘சிலேட்டை எடு, எழுது’ என்று சைகை காட்டுவார்கள். மழை நின்ற பிறகே வாய்ப்பாடு தொடரும்.

கட்டடம் எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்பதும் கவனிக்கத்தக்கது. ஸ்கூடாய், நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. இங்கே சூரியன் கிழக்கே எழுந்து, ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே போய், மேற்கே விழும். சாய்ந்த வெயில் உறைப்பது கிழக்கிலும் மேற்கிலுமே. ஆகையால் கூடத்தின் நீளப் பக்கங்களை வடக்கும் தெற்குமாக வைத்து, குறுகிய பக்கங்களைக் கிழக்கும் மேற்குமாக வைத்தால் பிள்ளைகள்மேல் வெயில் படாது. நீண்டு தாழ்ந்த இறவாரம் மழைச் சாரலையும் தடுக்கும். இடத்தின் அமைப்பால் எல்லாத் தோட்டத்திலும் இப்படிக் கட்ட முடிந்ததில்லை. கட்டிய இடத்தில் அந்த நன்மை தெரிந்தது. உங்கள் ஊரில் பழைய பள்ளி நின்றால், காலை வேளையில் போய் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள்.

ஒரே கூடம், பல வகுப்புகள்

உள்ளே நுழைவோம். குறுக்குச் சுவர் கிடையாது. ஒரு கரும்பலகையும் ஓர் அலமாரியுமே வகுப்புக்கு வகுப்பு எல்லை. ஒரு பக்கம் முதல் வகுப்பு ‘அ, ஆ’ என்று கூவும். மறுபக்கம் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கும். இதைப் பார்த்து, ‘இதுவும் ஒரு பள்ளிக்கூடமா?’ என்று சிலர் சிரித்ததுண்டு. ஆனால் ஓராசிரியர் பள்ளிக்கு இதைவிட ஏற்ற அமைப்பு வேறில்லை. ஒரே ஆசிரியர் நான்கு வகுப்பையும் ஒரே பார்வையில் கவனிக்க வேண்டும். சுவர் வைத்தால் மூன்று வகுப்புகள் அவர் கண்ணுக்கு மறைந்துவிடும்.

இது நம்முடைய தோட்டத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஓரறைப் பள்ளிகள் இருந்தன. அங்கும் விவசாயிகளின் பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஒரு பலகைக் கட்டடம். இன்று அவற்றுள் பலவற்றை அந்த நாட்டார் காட்சிக்கூடமாக வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்முடைய தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினார்கள். பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குக் கற்பித்தார்கள். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் இத்தகைய முறையைக் கையாண்டு, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் ஆங்கில நாட்டுப் பள்ளிகளில் பரவியது. திண்ணையிலே இருந்த ஒரு வழக்கம் இலண்டனுக்கும் போயிற்று. மலாயாத் தோட்டத்துப் பலகைக் கூடத்திலும் அது வாழ்ந்தது. அக்காவோ அண்ணனோ முன்வரிசைப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைத்த அந்தக் காட்சி உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

தாழ்வாரத்தில் தொங்கும் மணியையும் மறக்கக் கூடாது. பல இடங்களில் அது மணியே அன்று. ஒரு துண்டு இரயில் தண்டவாளம். இரும்புக் கம்பியால் அடித்தால் லயம் வரை கேட்கும். அந்த ஓசைக்கு ஒரு வேலை உண்டு. பால் மரத்தில் நன்றாக ஊறுவது விடியற்காலைக் குளிர்ச்சியில். ஆகையால் தாயும் தகப்பனும் இருட்டோடு பெரட்டுக்குப் போய், அங்கிருந்து தீம்பாருக்குப் போய்விடுவார்கள். வீட்டில் பிள்ளையை எழுப்ப ஆள் இல்லை. கடிகாரமும் எல்லா வீட்டிலும் இல்லை. தண்டவாள ஓசைதான் எழுப்பியது. பெண் பிள்ளைகள் தம்பி தங்கையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அப்படி ஓடிவந்தவர்களில் பலர் பத்து, பன்னிரண்டு வயதில் பள்ளியை நிறுத்திவிட்டு வாளி தூக்கப் போனார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கூடத்தின் கடைசி வரிசைப் பலகைகள் எப்போதும் காலியாக இருந்ததற்கு அதுவே காரணம்.

கட்டடம் கண்ட காலங்கள்

1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரி 31ஆம் நாள் பின்வாங்கிய படை ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்தது. தோட்டங்கள் தவித்தன. பல பள்ளிகள் மூடிக் கிடந்தன. தோட்டத்து ஆண்கள் ஆயிரமாயிரம் பேர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். போர் முடிந்து பள்ளி திறந்தபோது, தகப்பன் இல்லாத பிள்ளைகள் பலகையில் வந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்து 1948 முதல் 1960 வரை அவசரகாலம். லயங்கள் முள்வேலிக்குள் வந்தன. 1957இல் நாடு விடுதலை பெற்றது. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும், 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்த் தொடக்கப்பள்ளியை நாட்டுக் கல்வியின் ஓர் அங்கமாக்கின. பாடத்திட்டம் பொதுவாயிற்று. ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்து வந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தார்கள். ஆனால் கட்டடம் நின்ற நிலம் மட்டும் தோட்டத்துக்கே சொந்தமாக இருந்தது. இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள். பின்னால் வந்த தொல்லைகளில் பல இதிலிருந்துதான் வந்தன.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. இதைத் தடுக்கவே துன் சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி சேமிக்கச் சொல்லித் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். அதன் பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவு. ஆள் குறைந்ததும் பிள்ளைகள் குறைந்தார்கள். 1957ஆம் ஆண்டில் எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம்.

ஸ்கூடாயில் இந்த மாற்றம் இன்னும் வேகமாக நடந்தது. 1980களில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இங்கே வளாகம் அமைத்தது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்தது. 1998இல் சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம் திறந்தது. 2006இல் இஸ்கந்தர் வட்டார வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது. தோட்டம் வீட்டுமனையாயிற்று. ரினித் தோட்டம் இருந்த பக்கத்தில் இன்று முத்தியாரா ரினி என்னும் வீடமைப்புப் பகுதி இருக்கிறது. அங்குள்ள தமிழ்ப்பள்ளிக்கு இன்றும் ‘ரினித் தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்றுதான் பெயர். சுற்றிலும் கல்வீடுகள். பெயரில் மட்டும் தோட்டம். இதைச் சிலர் பொருந்தாப் பெயர் என்று எண்ணலாம். நாம் அப்படி எண்ணவில்லை. மரம் போனாலும், லயம் போனாலும், பள்ளியின் உரிமம் அழியாமல் பிள்ளைகளோடு நகர்ந்து வந்தது என்பதற்கு அந்தப் பெயரே சான்று.

ஒரு வரியின் மதிப்பு

இத்தனையும் எதற்குச் சொல்லுகிறோம்? பழங்கதை பேசிப் பெருமூச்சு விடுவதற்காக அன்று. சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம்.

நாம் பணியாற்றிய பள்ளிக்கு ஒருநாள் காலை, எழுபது வயதை நெருங்கிய ஓர் அம்மாள் பேரனோடு வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நின்றார். “வாத்தியாரே, நானும் எந்தம்பியும் இந்தப் பள்ளிக்கூடம் பழைய தோட்டத்தில இருந்தப்போ படிச்சோம். நான் ரெண்டாவது வரைக்கும்தான். எம்பேரு எங்கயாச்சும் எழுதியிருக்குமா?” என்று கேட்டார். அவருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. அடையாள ஆவணத்துக்காக ஆதாரம் தேடி அலைந்துகொண்டிருந்தார்.

பலகைக் கட்டடத்திலிருந்து இடம் மாறியபோது, யாரோ ஒரு பழைய தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேடு ஒன்றைப் பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடிக் கொண்டுவந்திருக்கிறார். அதைத் திறந்து தேடினோம். பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த தேதி, வயது, எல்லாம் நீல மையில் ஒரே வரியில் இருந்தன. அம்மாளால் அதைப் படிக்க முடியவில்லை, கண்ணாடி கொண்டுவரவில்லை. பேரன் விரல் வைத்துப் படித்துக் காட்டினான். அவர் தம் தகப்பனார் பெயர் வந்த இடத்தில் பையனை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். “தம்பி பேரு?” என்று பிறகு கேட்டார். தம்பி சேர்ந்த ஆண்டுக்குரிய பதிவேடு பழைய கட்டடத்தின் அலமாரியிலேயே தங்கிவிட்டது. அதைக் கறையான் தின்றுவிட்டது. அலமாரிக்கு யாரும் தகரத் தொப்பி வைக்கவில்லை.

பள்ளியின் சான்றொப்பத்தோடு நகல் கொடுத்தோம். அந்த ஒரு வரி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்ல மாட்டோம். மற்ற ஆதாரங்களோடு சேர்த்து வைக்க அது ஓர் ஆதாரம். தம்பிக்கு அதுவும் இல்லை. ஒரே வீட்டில் பிறந்த இருவருக்கும் நடுவே இந்த வேற்றுமையை உண்டாக்கியது ஒரு பிஸ்கட் தகரம்!

நாம் செய்யக்கூடியவை

ஆகவே, உங்களுக்கு நாம் சொல்ல விரும்புவன சில உண்டு.

முதலாவது, பழைய பள்ளி இடிபடும் அல்லது இடம் மாறும் என்று தெரிந்தால், முதலில் காப்பாற்ற வேண்டியது காகிதங்களை. சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, பள்ளிக் குறிப்பேடு ஆகியவை எங்கே போகின்றன என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்க வேண்டும். கேட்பது குற்றமன்று, நம் கடமை. உங்கள் வீட்டிலுள்ள பழைய பள்ளிச் சான்றிதழையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தரைக்கு மேலே வையுங்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வந்த வெள்ளத்தை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, கட்டடத்தை அளந்து வையுங்கள். இதற்கு எஞ்சினியர் வேண்டியதில்லை. ஒரு நாடா, ஒரு கணக்கு நோட்டு, நான்கு பிள்ளைகள் போதும். நீளம், அகலம், கூரையின் உயரம், சன்னல்களின் எண்ணிக்கை, எந்தத் திசை என்பவற்றை எழுதுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நல்ல கணக்குப் பாடமும் ஆகும். இடித்த பிறகு அளக்க முடியாது.

மூன்றாவது, பழைய புகைப்படங்கள். நாற்பது பிள்ளைகள் நிற்கும் படத்தில் ஒரு பெயரும் இல்லாவிட்டால் இன்னும் இருபது ஆண்டில் அது யார் யாரோ நிற்கும் படமாகிவிடும். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் மெல்லிய பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.

நான்காவது, நிலம். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி நிற்கும் நிலம் யாருக்குச் சொந்தம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் நிலத்தில் நிற்கும் பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளியாகவே இருக்க நேர்கிறது. புதுக் கட்டடம் கேட்கும்போது முதலில் எழும் கேள்வி நிலத்தைப் பற்றியதுதான். பள்ளிக்கூட்டத்துக்குப் போனால், தேநீர் குடித்துவிட்டு வந்துவிடாமல் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் பெரியது, பிள்ளைகளைச் சேர்ப்பது. 150 பேருக்குக் குறைந்தால் அது குறைந்த மாணவர் பள்ளி என்ற கணக்கில் வந்துவிடுகிறது. பள்ளியைத் தாங்குவது செங்கால் தூண் என்று நினைத்தோம். உண்மையில் முதலாம் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைதான் தூண்.

நல்ல நிலையில் ஒரு பலகைப் பள்ளி எங்கேனும் நின்றால், அதை நினைவிடமாகக் காக்க முயல்வதற்கும் வழியுண்டு. தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005ஆம் ஆண்டில் வந்தது. பழைய கட்டடங்களைப் பாரம்பரியமாகப் பதிவு செய்ய அது இடம் தருகிறது. அரண்மனையும் கோட்டையும் மட்டுமே பாரம்பரியம் என்று நாமே நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடக் கூடாது. கட்டடம் முழுவதையும் காக்க முடியாவிட்டால், ஒரு நீளப் பலகையையும் அந்தத் தண்டவாளத் துண்டையுமாவது புதிய பள்ளிக்கு எடுத்துச் செல்லுங்கள். இரண்டுக்கும் அரை லாரி இடம் போதும்.

புதிய கல்கட்டடத்தில் நம் பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள். விசிறி சுற்றுகிறது, கணினி இருக்கிறது, மழை பெய்தாலும் வாத்தியாரின் குரல் கேட்கிறது. பழைய தகரக் கூரையின்கீழ் திரும்பப் போக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கூரையின்கீழ் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்லுகிறோம். இன்று மாலை வேலை முடிந்து வந்ததும், வீட்டிலுள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ, “நீங்க எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சீங்க, உங்க வாத்தியார் பேரு என்ன?” என்று கேட்டு, அவர்கள் சொல்லுவதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.